காலக்கோட்டைப் படிக்குமாறு

கணினித் திரையில் ஓடும் விளையாட்டொன்றனைக் காண்போர், ஆங்குத் தோன்றும் காட்சி ஒரே வீச்சில் வரையப்பட்டதென்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. நொடிக்கு 60 படங்கள் வீதம் திரை மாறுமிடத்து, ஒவ்வொரு படத்திற்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி செக்கண்டே ஆகும். அச்சிறு பொழுதினுள் நிழல், நிலம், மரம், வானம், புகை, எழுத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான கட்டளைகளும், சிலவிடத்து ஆயிரக்கணக்கான கட்டளைகளும் வரைகருவியைச் சென்று சேர்கின்றன. இங்ஙனம் அமைந்த படம் ஒன்றையே அத்துறையினர் பிரேம் என்பர். அதனைப் பிடித்து நிறுத்திக் கட்டளை கட்டளையாகப் பிரித்துக் காட்டும் கருவிகள் சில உள. அவற்றுள் பால்டர் கார்ல்சன் என்பார் ஆக்கியதும் 2014-இல் வெளிவந்ததுமான ரெண்டர்டாக் என்பது விலையின்றிக் கிடைப்பது, மூலநிரலும் மறைக்கப்படாதது. அதன்கண் டைம்லைன் எனப் பெயரிய காலக்கோடு ஒன்று உளது. அதனைப் படிக்குமாறு பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதனோடு யாது உறவு என நேயர் வினவலாம். எம் விடுதித் தோழர் ஒருவர் சொல்லாட்டம் ஒன்றனைக் கணினிக்கென ஆக்கி வந்தார். சொற்களைத் தெரிந்து கொடுத்தலும் பிழை திருத்தலும் எம் பங்கு. ஒரு நாள் அவ்விளையாட்டில் எழுத்துகள் எல்லாம் மறைந்தன. காட்சி உண்டு, கட்டங்கள் உண்டு, எழுத்து மட்டும் இல்லை. தோழர் மூன்று இரவுகள் உறங்கிலர். எழுத்துருவை நான்கு முறை மாற்றினார்; பின்னர்க் கணினியைப் பழித்தார்; இறுதியில் எம்மையும் ஐயுற்றார். நிரலில் ஒரு வரியை மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, மீண்டும் மாற்றுவது என்னும் இம்முறையை நம்முள் பலர் முயற்சி என்று புகழ்கின்றனர். யாம் அதனைக் கண்கட்டி விளையாட்டு என்போம்.

நான்காம் நாள், விளையாட்டை ரெண்டர்டாக்கின் வழியே துவக்கி, விசையொன்றை அழுத்தி, பிரேம் ஒன்றைப் பிடித்தோம். காலக்கோடு இடமிருந்து வலமாகச் செல்வது. ஒவ்வொரு வரைகட்டளையும் அதன்மேல் ஒரு சிறு புள்ளி. ஒரு புள்ளியைத் தொட்டால், பிரேமின் தொடக்கமுதல் அக்கட்டளை ஈறாக யாவும் மீள வரையப்பெற்று, அந்நிலையில் சித்திரம் எவ்வாறிருந்ததோ அவ்வாறே காட்டப்பெறும். தோழர் முதற்புள்ளியினின்று தொடங்கி ஒவ்வொன்றாக நடந்தார். ஏறத்தாழ எண்ணூறு கட்டளைகள். நூறு கடக்குமுன்னரே சலித்தார். இங்கேதான் யாம் மாறுபடுகின்றோம். காலக்கோடு முதலினின்று படிக்கற்பாலதன்று. குறை தோன்றுவது முடிவில். ஆதலின் முடிவினின்றே பின்னோக்கிச் செல்லல் வேண்டும். நன்றாயிருந்த ஓரிடமும் கெட்ட ஓரிடமும் அகப்பட்டனவாயின், இடையை இரண்டாகப் பகுத்துப் பகுத்துப் பார்த்தால் எண்ணூறுக்கும் பத்துப் பார்வை போதும்.

எமக்கோ அத்துணையும் வேண்டியிருந்திலது. அவ்விளையாட்டில் எழுத்துகள் முதற்கண் தனியொரு பரப்பில் வரையப்பெற்று, பின்னரே காட்சியின்மேல் ஒட்டப்பெறும். அப்பரப்பினைத் தெரிந்து திறந்ததும், காலக்கோட்டின் கீழே அது பயன்பட்ட இடங்களைக் குறிக்கும் சிறு முக்கோணங்கள் தோன்றின. முறைப்படி துடைத்தல், எழுதுதல், படித்தல் என மூன்று செயல்களே இருத்தல் வேண்டும். ஆங்கிருந்தவையோ துடைத்தல், எழுதுதல், துடைத்தல், படித்தல். எழுதியதற்கு அடுத்த புள்ளியில் நின்று பார்த்தபோது எழுத்துகள் முத்துப்போல் இருந்தன. இரண்டாம் துடைப்பிற்குப்பின் வெறும் பரப்பு. முந்திய வாரம் வேறொரு தேவைக்காகத் தோழரே சேர்த்த ஒரு வரி அது. மூன்று இரவுகளை விழுங்கிய குறை கால்மணி நேரத்தில் அகப்பட்டது.

விஞ்ஞானம் பயிலும் நண்பரொருவர் ஒரு தடை எழுப்பினார். இக்கோட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே அளவு இடமே தரப்பட்டிருத்தலால், எது நீண்ட நேரம் கொண்டது, எது விரைவில் முடிந்தது என்பது விளங்காது. காலத்தைக் காட்டாத கோட்டிற்குக் காலக்கோடு என்னும் பெயர் பொய்ப்பெயர் என்றார். பெயர் பற்றிய தடையை ஒப்புகின்றோம். அகன்ற பகுதியைக் கண்டு இதுவே தாமதத்திற்குக் காரணம் என்று துணிவோர் ஏமாறுவர். ஆயினும் அமைப்பைக் குறை கூறோம். இலக்கண உரையாசிரியர் சூத்திரத்தின் நீளத்தை அளப்பவரல்லர். இதன்பின் இது வைக்கப்பட்டது என்னை என்று வைப்புமுறையையே ஆராய்வர். பிழை தேடுவோர்க்கு வேண்டுவதும் அஃதே. நீளமாக நடந்ததொன்று இடத்தையெல்லாம் கவர்ந்துகொள்ளின், எங்களைக் கெடுத்த அச்சிறு துடைப்பு கண்ணுக்கே புலனாகாது போயிருக்கும். நேரத்தை அளக்க வேண்டுவோர்க்குப் பிக்ஸ், என்சைட் முதலிய கருவிகளில் வேறு கோடுகள் உள.

எமக்குள்ள பெருங்குறை கருவியின்மேலன்று, நிரல் எழுதுவோர்மேல். கட்டளைகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து நிழற்பகுதி, எழுத்துப்பகுதி என்று பெயரிட வழியுண்டு. ஓப்பன் ஜிஎல் 4.3 வெளிவந்த 2012 முதல் அவ்வழி அதன் விதிகளிலேயே இடம்பெற்றுளது, வல்கனிலும் உண்டு. அப்பெயர்கள் காலக்கோட்டில் விரித்தும் சுருக்கியும் பார்க்கத்தக்க பகுதிகளாய் நிற்கும். தோழரோ ஒரு பெயரும் இட்டிலர். ஆதலின் கருவி தானே இட்ட எண்பெயர்களே எங்கும் கிடந்தன. எழுத்துப்பரப்பு எதுவெனத் தேடவே அக்கால்மணியில் பெரும்பகுதி கழிந்தது. இயலும் அதிகாரமும் வகுக்காத இலக்கணத்தை யார் படிப்பர்? எழுதியவர்க்கு நினைவிருக்கிறதென்பது விடையாகாது. அவர்க்கே நினைவில்லாமையை யாம் நேரிற் கண்டோம்.

எழுத்துகள் மீண்டும் தோன்றியதும் வேறொன்று தெரிந்தது. ‘கொ’ என்னுமிடத்து ஒற்றைக்கொம்பு ககரத்திற்குப் பின்னே நின்றது. தோழர் உடனே காலக்கோட்டிற்கு ஓடினார். ஆங்கு ஒன்றும் அகப்படவில்லை, அகப்படவும் படாது. கொம்பை முன்னே நிறுத்தும் வேலை வரைகட்டளை பிறக்குமுன்னரே முடிய வேண்டுவது. அதற்கு ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் தேவை. அதனைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பகுதிகளுக்குப் பெயரிடவும் இசைந்துவிட்டார். அப்பெயர்கள் தமிழில் அமைய வேண்டுமா ஆங்கிலத்தில் அமைய வேண்டுமா என்னும் வழக்கு மட்டும் எம் அறையில் இன்னும் தீர்ந்தபாடில்லை.