இரண்டு புஸ்தகசாலைகள்

சென்னைப் பட்டணத்தில் தமிழின் பழமையைப் பற்றிப் பேசாத பொதுக்கூட்டம் இல்லை. பேசுகிறவர்கள் நம்மவர்கள், கை தட்டுகிறவர்களும் நம்மவர்கள். அதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழமைக்குச் சாட்சி கூறும் ஏடுகளும் அச்சுப் புஸ்தகங்களும் எங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்று மேடையிலிருந்து இறங்கியவரைக் கேட்டால் அவர் விழிக்கிறார். அத்தகைய நண்பர்களை நாம் ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டிலுள்ள சென்னை இலக்கியச் சங்கத்தின் வாசலில் புறப்பட்டு, கூவத்தின் பாலத்தைக் கடந்து, பாந்தியன் ரோடு வழியாக எழும்பூர்க் கன்னிமாரா நூல்நிலையம் வரையில் கால்நடையாகச் செல்லட்டும். தூரம் இரண்டு மைலுக்கும் குறைவு. மெதுவாக நடப்பவருக்கும் முக்கால் மணிக்கு மேல் ஆகாது. இருநூறு வருஷத்துச் சரித்திரம் அந்த வழியில் கிடக்கிறது.

காலேஜ் ரோடு என்று பெயர் வந்ததற்குக் காரணம் நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே இன்றிருக்கும் பெண்கள் கல்லூரியை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கும்பெனியார் 1812-ல் ஏற்படுத்திய செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் பெயர். சீமையிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த வாலிபர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுப்பதற்காக எல்லிஸ் துரையின் முயற்சியால் அது உண்டாயிற்று. வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் ஜனங்களுடைய பாஷை வேண்டியிருந்தது; நம்மீது கொண்ட அன்பினால் அல்ல. ஆயினும் அந்தக் கல்லூரியில் சம்பளம் வாங்கிய நம் பண்டிதர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தாண்டவராய முதலியார் 1826-ல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் வசனத்தில் வெளியிட்டார். முத்துசாமிப் பிள்ளை ஊர் ஊராகச் சென்று வீரமாமுனிவருடைய நூல்களைத் தேடிச் சேர்த்தார். அம்முனிவருடைய சரித்திரத்தையும் எழுதினார். தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஓரினம் என்ற கொள்கையை எல்லிஸ் 1816-ல் காம்ப்பெல் துரையின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரையில் நாட்டினார். கால்டுவெல் ஐயருடைய ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது வருஷத்துக்குப் பின், 1856-ல். எல்லிஸுக்குத் தெலுங்குத் தாதுக்களைத் தொகுத்து ஆதாரம் கொடுத்தவர் அந்தக் கல்லூரித் தலைமைப் பண்டிதர் பட்டாபிராம சாஸ்திரி. எல்லிஸின் பெயர் சரித்திரத்தில் நிலைத்தது. சாஸ்திரியாரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

அந்த 1812-லேயே பிறந்தது சென்னை இலக்கியச் சங்கம். நீதிபதி நியூபோல்ட் துரை முதலிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் தங்கள் கல்விப் பொழுதுபோக்குக்காக அதை ஏற்படுத்தினார்கள். 1833 முதல் அதன் பெயரால் ஒரு பத்திரிகையும் வந்தது. நம் நாட்டுக் கல்வெட்டு, நாணயம், செடி கொடி, கல், மண் ஆகிய யாவும் அதில் ஆராயப்பட்டன. ஆராய்ந்தவர்கள் யார், ஆராயப்பட்டவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கை நாம் மறக்கலாகாது. காவலி வெங்கட லக்ஷ்மய்யா என்பவர் கர்னல் மெக்கன்ஸியிடம் இருந்த பண்டிதர். அவருடைய தமையனார் போரய்யாவும் அவரும் கிராமம் கிராமமாக அலைந்தும் ஆட்களை அனுப்பியும் சேர்த்த சுவடிகளும் கைபீதுகளும்தான் இன்று மெக்கன்ஸி தொகுதி என்று புகழப்படுகின்றன. மெக்கன்ஸி 1821-ல் இறந்த பின் தென்னாட்டு மொழிச் சுவடிகளில் பெரும் பகுதி சென்னைக்குத் திரும்பி வந்து, சில காலம் இந்த இலக்கியச் சங்கத்தின் பொறுப்பிலும் இருந்தது. அவ்வேலையைத் தாமே தொடர்ந்து நடத்துவதாக லக்ஷ்மய்யா சர்க்காருக்கு விண்ணப்பித்துக்கொண்டார். சர்க்கார் கல்கத்தா ஆசியக் கழகத்தாரின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். அவர்கள் 1836-ல் பாதகமாகச் சொல்லிவிட்டார்கள். சுதேசி ஒருவர் தலைமை வகித்து நடத்தக்கூடிய வேலை அல்லவாம்! வேலை டெய்லர் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவடிகளைச் சேர்த்தவனுக்கு அவற்றைப் படித்து அட்டவணை எழுதத் தகுதியில்லை என்ற தீர்ப்பை அந்தக் காலத்தில் யாரும் எதிர்த்ததாகத் தெரியவில்லை. லக்ஷ்மய்யா மட்டும் வாளா இருக்கவில்லை. இந்துக்களுக்கென்று சென்னையில் தனியே ஓர் இலக்கியச் சங்கத்தை நடத்திப் பார்த்தார். அவரை நாம் நம்முடைய தேசியவாதிகளின் முன்னோர் வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று அந்தச் சங்கத்துக்குள் நுழைகிறவரை யாரும் ஜாதி கேட்பதில்லை, நிறம் கேட்பதில்லை. சந்தா கட்டினால் யாரும் அங்கத்தினர் ஆகலாம். சிவப்புக் கட்டடம், உள்ளே கூரையை எட்டும் அலமாரிகள், மேல்தட்டுப் புஸ்தகத்துக்கு ஏணி வைத்து ஏற வேண்டும். 1619-ல் அச்சான அரிஸ்டாட்டில் தொகுதி ஒன்று அங்கிருக்கிறது. ஆனால் பல புஸ்தகங்களின் தாள் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிறது. சில வருஷங்களாகச் சில அன்பர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: சிதைந்த ஒரு புஸ்தகத்தை ஒருவர் தத்து எடுத்துக்கொண்டு, அதைச் செப்பனிடும் செலவைக் கொடுத்துவிடலாம். அங்கே வாலிபர்கள் வந்து தூசி தட்டிப் பட்டியல் போடுகிறார்கள். அவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அந்நியருக்காக அந்நியர் கட்டிய அலமாரியை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த அலமாரியில் இருப்பது நம் நாட்டைப் பற்றிய செய்தி; அது நம் உழைப்பிலிருந்தும் நம் வரிப்பணத்திலிருந்தும் வந்தது. எதிரி எழுதிய குறிப்பாயினும் வழக்கில் அது நமக்கு ஆவணம். ஆவணத்தைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு வழக்காடப் போகிறவனை என்னவென்பது?

சங்கத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே கல்வி இலாகாவின் வளாகம். பேராசிரியர் அன்பழகன் பெயரை அதற்கு 2022-ல் சூட்டினார்கள். ஜனங்கள் வாயில் இன்னும் டி.பி.ஐ.தான். அப்பால் கூவம். அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லையாதலால் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்துவிடுவோம். நடைபாதை என்று பெயருள்ள இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. நடக்கிறவர் வண்டிகளுக்கு நடுவே செல்கிறார். இதுவும் நகரசபையாரின் கவனத்துக்கு உரியது.

இந்தப் பாதையில் நமக்கு முன்னே ஒரு காட்சிசாலையே நடந்து போயிருக்கிறது. இலக்கியச் சங்கத்தாரின் கல் மண் சேகரத்தை மூலமாக வைத்து 1851-ல் காலேஜ் ரோட்டில் திறக்கப்பட்ட மியூசியம், இடம் போதாமல் 1854-ல் எழும்பூர்ப் பாந்தியனுக்குக் குடிபெயர்ந்தது. வெள்ளையர் நாடகமும் நடனமும் நடத்திய கூடம் அது. சீமையில் கும்பெனி உத்தியோகஸ்தரைப் பயிற்றிய ஹெயிலிபரிக் கல்லூரி மூடப்பட்டபின், அங்கே மிஞ்சிய புஸ்தகங்கள் 1860-களின் தொடக்கத்தில் இந்த மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. அதுதான் கன்னிமாரா நூல்நிலையத்தின் வித்து. ஆளப் பயின்றவர்கள் படித்துத் தள்ளிய புஸ்தகங்கள், ஆளப்பட்டவர்களுடைய நூல்நிலையமாகத் தளிர்த்தன. 1890-ல் கன்னிமாராப் பிரபு அஸ்திவாரக் கல் நாட்டினார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். 1896 டிசம்பர் 5-ந் தேதி கதவு திறந்தது. கல் நாட்டிய கவர்னர் அந்த 1890-லேயே ஊர் போய்விட்டார். பெயர் மட்டும் கட்டடத்தில் நின்றுவிட்டது. கட்டியவர் பெயரை வாசலில் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் கட்டடத்தைவிடச் சட்டம் பெரிது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இருபது வருஷம் இடைவிடாமல் வாதாடியதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. அதன்படி 1950-ல் கன்னிமாரா மாகாணத்தின் மத்திய நூலகமாயிற்று. இன்று வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டுகிறார். ஆகையால் கன்னிமாராவில் உட்கார்ந்து படிக்கும் மாணவன் யாருடைய தயவிலும் அங்கே உட்காரவில்லை. அந்த வரியை வசூலிக்கும் ஸ்தல ஸ்தாபனங்கள் காலாகாலத்தில் நூலகத்துக்குச் செலுத்தாமல் பாக்கி வைப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. ஜனங்களிடம் ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறு காரியத்துக்குப் புரட்டுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? தேர்தலில் வோட்டுக் கேட்டு வரும் கவுன்சிலரிடம் இக்கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

மற்றொரு விஷயம் இன்னும் முக்கியமானது. 1954-ம் வருஷத்து மத்தியச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புஸ்தகத்திலும் ஒரு பிரதியை வெளியிடுவோர் தம் சொந்தச் செலவில் முப்பது நாளுக்குள் கன்னிமாராவுக்கு அனுப்பவேண்டும். கல்கத்தா, பம்பாய், டில்லி ஆகிய ஊர்களில் உள்ள மூன்று நூலகங்களுக்கும் அவ்வாறே. அனுப்பத் தவறியவருக்கு என்ன தண்டனை? ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதமும் புஸ்தகத்தின் விலையும்! இன்று ஐம்பது ரூபாய்க்கு இரண்டு காபி கிடைப்பது அரிது. ஆகவே அனுப்புகிறவர் தர்மத்துக்கு அனுப்புகிறார்; அனுப்பாதவரை யாரும் கேட்பதில்லை. தமிழ்ப் பதிப்பாளர்களிலேயே இதில் அசட்டையாக இருப்பவர்கள் உண்டு. காவலி லக்ஷ்மய்யா காலத்தில் சுவடியைத் தேடி ஆள் அலைந்தான். இப்போது வீடு தேடி வரவேண்டிய புஸ்தகம் வராமல் போகிறது. பிற்காலத்தில் நம் தலைமுறையின் எழுத்தைத் தேடுகிறவன் அலமாரியில் இடைவெளியைத்தான் காண்பான்.

புதிய பெரிய நூலகங்கள் கட்டுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கோட்டூர்புரத்தில் 2010-லும் மதுரையில் 2023-லும் திறந்தவை வாலிபர்களுக்கு மிகவும் உபயோகமாக இருக்கின்றன. ஆயினும் திறப்பு விழாவுக்கு வரும் கூட்டம் ஒட்டுப்போடும் வேலைக்கு வருவதில்லை. ஒரு மாநாட்டில் போடும் மாலைகளின் செலவைக் கொண்டு காலேஜ் ரோட்டில் சில புஸ்தகங்களுக்குப் புது உயிர் கொடுக்கலாம். பார்லிமெண்டில் தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கிறார்கள். எழுபது வருஷத்துக்கு முன் எழுதிய ஐம்பது ரூபாயை மாற்றவும், கன்னிமாராவுக்கு வராத புஸ்தகங்களின் பட்டியலை வருஷந்தோறும் வெளியிடச் செய்யவும் அவர்களில் ஒருவர் ஒரு தனி மசோதாவாவது கொண்டுவரட்டும்.