ஐந்து பாகமும் படிச்சிருக்கீங்களா?

வீராணம் ஏரிக்கரையில் ஒரு வேன் வந்து நிற்கும். கையில் தடித்த புத்தகத்தோடு பத்துப் பதினைந்து பேர் இறங்குவார்கள். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை இதுதான் என்று ஒருவர் கையை நீட்டிக் காட்ட, மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். நம் பக்கத்து ஆட்களுக்குப் பழகிப்போன காட்சி. அந்த வேனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தால் அவளிடம் ஒரு கேள்வி வந்தே தீரும். "அஞ்சு பாகமும் படிச்சிருக்கீங்களா, இல்ல படம் மட்டும்தானா?"

கேட்பவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். கேட்கப்பட்டவளுக்குத்தான் சிரிப்பு வராது.

ரசிகர் மன்றம் என்றதும் கட் அவுட்டும் பாலாபிஷேகமும் உங்களுக்கு ஞாபகம் வரலாம். இவர்கள் வேறு ரகம். நடிகருக்காக இல்லை, கதைக்காகக் கூடுகிறவர்கள். மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர் 'பொன்னியின் செல்வன்'. அது முடிந்து அரை நூற்றாண்டு கழித்து, யாஹூ குழுவில் கூடிப் பேச ஆரம்பித்த வாசகர்கள் 'பொன்னியின் செல்வன் வரலாற்றுப் பேரவை' ஆனார்கள். கதை நடந்த இடங்களைத் தேடி ஊர் ஊராகப் பயணம் போனார்கள்.

அது சரித்திர நாவலாச்சே, மாயாஜாலக் கதை இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் நந்தினி கற்பனை, ஆழ்வார்க்கடியான் கற்பனை. இல்லாத ஒருத்தியைத் தேடி இருக்கிற ஊருக்கு வருகிறவர்களுக்கும், எதிர்கால மனிதர் போல வேஷம் கட்டிக்கொண்டு கூடும் அமெரிக்க அறிவியல் கதை ரசிகர்களுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் வருகிற வியாதியும் ஒன்றுதான். வாசலில் நின்று, யார் உண்மையான ரசிகர் என்று பரீட்சை வைப்பது.

இந்த வியாதி பழசு. உலக அறிவியல் கதை மாநாடு முதல்முதலாக நடந்தது 1939 ஜூலையில், நியூயார்க்கில். வந்தவர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். அந்த முதல் கூட்டத்திலேயே ஆறு இளைஞர்களை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு மன்றத்துக்காரர்கள், துண்டறிக்கை கொடுப்பார்கள், கலாட்டா செய்வார்கள் என்று பயம். வெளியே நின்றவர்களில் ஒருவர் ஃப்ரெடரிக் போல். பின்னாளில் அந்தத் துறையின் பெரிய விருதான ஹியூகோவைப் பலமுறை வாங்கினார். இன்னொருவர் டொனால்ட் வோல்ஹைம். 1971-ல் அறிவியல் கதைகளுக்கென்றே ஒரு பதிப்பகம் தொடங்கினார். அதே கோஷ்டியைச் சேர்ந்த 19 வயசுப் பையன் ஒருவன் எப்படியோ உள்ளே போய்விட்டான். பேர் ஐசக் அசிமோவ். யாரைத் தடுக்கிறோம் என்று வாசலில் நின்றவர்களுக்கு அன்றைக்கு எப்படித் தெரியும்?

அதே மாநாட்டுக்கு மிர்டில் டக்ளஸ் என்ற பெண், எதிர்கால உடை என்று கற்பனை செய்து, தனக்கும் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மேனுக்கும் தானே தைத்து எடுத்து வந்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு போகிறார்களே, அதற்கு ஆரம்பம் அதுதான் என்பார்கள். ரொம்ப நாள் வரை அக்கர்மேன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தைத்தவள் பேர் பின்னால்தான் வெளியே வந்தது. (நம் ஊர்க் கல்யாணத்திலும் சமைத்தவர் பேர் பத்திரிகையில் வருவதில்லை.)

நம் கதைக்கு வருவோம். 2022 செப்டம்பரில் மணிரத்னம் படம் வந்தது. அதுவரை புத்தகம் பக்கமே போகாதவர்களும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்கள். பழைய வாசகர்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அந்தச் சுருக்கம் புரிகிறது. முப்பது வருஷமாகத் தனக்கு மட்டும் சொந்தமாக இருந்த குந்தவையை இப்போது எல்லாருமே 'த்ரிஷா' என்றால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் படம் பார்த்து வந்த அந்தப் பெண்ணைக் காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்யச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ரவிதாசன் பேர் அதில் இருக்கிறது. திரையில் பார்த்த ஒரு பேரைக் கல்லில் பார்க்கிற நிமிஷத்தில், அவள் ஐந்து பாகம் படித்தாளா இல்லையா என்பதெல்லாம் யாருக்கு வேணும்? அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் முதல் பாகத்தைத் தேடுவாள். வேனிலேயே அவள் வாயை அடைத்துவிட்டால் தேட மாட்டாள்.

இன்னொரு வாசல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கும்பகோணம் பக்கம் பழையாறைக்கு வருகிறவர்கள் குந்தவையின் அரண்மனையைத் தேடுகிறார்கள். அரண்மனை இல்லை, வயல் இருக்கிறது. பக்கத்து ஊருக்குச் சோழன்மாளிகை என்று பேர் மட்டும் நிற்கிறது. சென்னையிலிருந்து வந்தவர் நடுவில் நின்று விளக்குவார். களை எடுத்துவிட்டுக் கரையேறிய ஆச்சி ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். அந்த ஊர்ப் பேரைப் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறவர் அவர்தான். "வாங்க ஆச்சி, மண்ணை வெட்டுறப்போ பழைய செங்கல் எதாவது வந்திருக்கா?" என்று ஒருத்தர் கேட்கலாமே.

ஈரோட்டில் ஆகஸ்ட் மாதப் புத்தகத் திருவிழா சமயத்தில் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடுவார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பெல்லாம் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியுமே, அந்த மாயாவியை 1972-ல் சிவகாசியிலிருந்து தமிழுக்குக் கொண்டு வந்தது முத்து காமிக்ஸ். அதைப் பத்து வயசில் படித்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவர் பேத்தி ஜப்பானிய அனிமே பார்க்கிறாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அந்த ரசனைக்கு அடுத்த தலைமுறை உண்டு.

தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ இப்படி ஒரு கூட்டத்தை ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனைகள் சில. இடத்துக்கு அலைய வேண்டாம். அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு உண்டு, நூலகரிடம் போய்ப் பேசுங்கள். மாதம் ஒரு ஞாயிறு போதும். அறுவடை சமயத்தில் வைக்காதீர்கள். குறுவை அறுப்பிலும் பொங்கலை ஒட்டிய சம்பா அறுப்பிலும் கிராமத்துப் பிள்ளைகள் வர முடியாது, டவுன் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆடிப்பெருக்கு நல்ல நாள், கதையே அன்றைக்குத்தானே தொடங்குகிறது.

தலைமையுரை, முன்னிலை, பொன்னாடை மூன்றுக்கும் தடை போடுங்கள். பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒருவருக்குப் பேச ஐந்து நிமிஷம், கடிகாரம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இருக்கட்டும். பெரியவர்களை நிறுத்த அதைவிட நல்ல வழி இல்லை. டீ, சுண்டல் செலவை நோட்டில் எழுதி அங்கேயே படித்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் மன்றங்கள் உடைவது கதையால் இல்லை, இருநூறு ரூபாய்க் கணக்கால்.

புதிதாக வந்தவரிடம் முதல் கேள்வி "எந்தக் கதை பிடிக்கும்?" என்று இருக்கட்டும். சுஜாதாவின் ஜீனோ நாய்க்குட்டி என்றாலும் சரி, ஹாரி பாட்டர் என்றாலும் சரி, நேற்று பார்த்த கார்ட்டூன் என்றாலும் சரி, நாற்காலி கொடுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள். திருவையாறு, பாபநாசம் பக்கம் போகிற பெண்பிள்ளைகள் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.