மேக்ரோவுக்கு ஆட்டோஃபோகஸ் எதுக்குங்க?

கேமரா பைத்தியம் பிடித்த நண்பர்கள் ரெண்டு பேர் போன வாரம் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. மேக்ரோ லென்ஸ் வாங்கணும், புதுசுக்குக் கடன்தான் வாங்கணும், பழைய மேனுவல் லென்ஸ் வாங்கினா காசு வீணாப் போயிடுமா? போகாது சாமி. என்னைக் கேட்டா மேக்ரோவுக்குப் பழசுதான் சரி.

காரணம் ரொம்ப எளிமை. ஒரு எறும்பை அதோட நிஜ அளவுக்கே, அதாவது 1:1-ல எடுக்கறீங்கன்னு வச்சுக்குவோம். எஃப் 11 வச்சாலும் தெளிவாத் தெரியற ஆழம் ஒண்ணரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்த இடத்துல மோட்டார் முன்னும் பின்னும் உறுமிக்கிட்டு இருக்கும், எறும்பு வீடு போய்ச் சேர்ந்துடும். அனுபவசாலிங்க என்ன செய்யறாங்க? வளையத்தை ஒரு இடத்துல வச்சுட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உடம்பையே முன்னும் பின்னும் அசைக்கிறாங்க. அப்புறம் ஆட்டோஃபோகஸுக்குக் கொடுத்த காசு எதுக்கு? பறக்குற தும்பியைத் துரத்தறவங்களுக்கு வேணும்னா உதவும், ஒத்துக்கறேன்.

சரி, எந்த லென்ஸ்? இங்கதான் நம்மாளுங்க பேரைப் பார்த்து மயங்கறாங்க. எதை எடுக்கப் போறீங்கங்கறதுதான் முதல் கேள்வி.

எனக்கு இப்போ முக்கியமான வேலை தாத்தா எழுதின கடிதங்கள். மை மங்கி, மடிப்புல எல்லாம் கிழிய ஆரம்பிச்சாச்சு. இன்னும் சில வருஷம் விட்டா படிக்க ஒண்ணும் மிஞ்சாது. இதுக்கு நிக்கானோட 55 எம்எம் மைக்ரோ-நிக்கார் மாதிரி வேற கிடையாதுங்கறது என் கட்சி. அந்த வம்சமே காகிதத்தைப் படம் எடுக்கப் பிறந்ததுதான். 1956-ல வந்த முதல் மைக்ரோ-நிக்கார், நெருக்கமான கோடுகள் உள்ள ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிம்ல பிசிறில்லாமப் பதியறதுக்காக உருவானது. 'மைக்ரோ'ன்னு பேரு வச்சதும், நிஜ அளவைவிடப் பெருசாக் காட்டறதைத்தான் 'மேக்ரோ'ன்னு சொல்லணும்ங்கற அவங்க கறார்தனத்தாலதான். மூலைக்கு மூலை எழுத்து நேரா, கூர்மையா நிக்கும். ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஒவ்வொரு விளக்கு, எஃப் 8, ஒரு ஸ்டாண்டு. அவ்வளவுதான்.

ஆனா பூச்சி எடுக்க இதை வாங்காதீங்க. 55 எம்எம் தனியா பாதி அளவு, அதாவது 1:2 வரைக்கும்தான் போகும். 27.5 எம்எம் குழாய் ஒண்ணைப் பின்னால மாட்டினா 1:1 வந்துடும். (குவியத்தூரத்துல பாதி நீட்டினா பாதி அளவு, முழுசா நீட்டினா முழு அளவு. கணக்கு இவ்வளவுதான்.) அப்போ பூச்சிக்கும் லென்சுக்கும் நடுவுல சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். உங்க நிழலே அது மேல விழும், ஓடாம என்ன பண்ணும்? வெளிச்சமும் ரெண்டு ஸ்டாப் குறையும். பூச்சிக்கு 90, 105 எம்எம் பக்கம் போங்க. டாம்ரான் எஸ்பி 90 எம்எம் எஃப் 2.5 எனக்குப் பிடிச்சது. அதுவும் 1:2 தான். ஆனா ஒரு சாண் தள்ளி நின்னு எடுக்கலாம், மவுண்டை மட்டும் மாத்திப் பல கம்பெனி கேமராவுல போட்டுக்கலாம்.

மவுண்ட் விஷயத்துல கவனம். இப்போ மிரர்லெஸ் வச்சிருக்கறவங்களுக்குக் கவலையே இல்லை. நடுவுல வர்றது வெறும் உலோக வளையம், திரையில பெருசாக்கிப் பார்த்து ஃபோகஸ் பண்ணிக்கலாம். நிக்கான் எஸ்எல்ஆர்காரங்க மட்டும் 1977-க்கு முந்தின, ஏஐ ஆக்காத லென்ஸை அவசரப்பட்டு மாட்டாதீங்க. பல பாடிகள்ல இருக்கிற சின்னக் கொக்கி உடைஞ்சு போகும். விலை குறைஞ்ச டிஎஸ்எல்ஆர் பாடிகள்ல மீட்டரும் வேலை செய்யாது.

கடைசியா, பேரைவிட உடம்பு முக்கியம். நம்ம ஊர்க் காத்துல இருக்கிற ஈரத்துக்கு லென்சுல பூஞ்சை பிடிக்கறது சர்வ சாதாரணம். "கண்ணாடி மாதிரி இருக்கு சார்"னு ஒரு வியாபாரி என்கிட்ட சத்தியம் பண்ணாத குறை. பின்பக்கம் டார்ச் அடிச்சு முன்னால இருந்து பார்த்தா உள்ளே சிலந்தி வலையே கட்டியிருக்கு! கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். கொஞ்சம் தூசி இருந்தாப் பரவாயில்லை, படத்துல தெரியாது. பூஞ்சை வேண்டவே வேண்டாம்.

55 எம்எம் எஃப் 2.8 வாங்கறவங்களுக்குக் கூடுதலா ஒண்ணு. அதுல உள்ளே இருக்கிற கிரீஸ் கசிஞ்சு துவார இதழ்கள்ல எண்ணெய் படியறது பிரசித்தம். வளையத்தை 16-ல வச்சு, பின்னால இருக்கிற நெம்புகோலைத் தட்டிப் பாருங்க. சட்டுனு திரும்பணும். சோம்பேறித்தனமா வந்தா, சுத்தம் பண்ற கூலியைக் கழிச்சுட்டு விலை பேசுங்க. பழைய எஃப் 3.5-ல இந்தத் தொல்லை குறைவு, விலையும் கம்மி. கடிதத்துக்கு அதுவே எதேஷ்டம்.

கீரான் 105 எம்எம் எஃப் 2.8, குழாயே இல்லாம 1:1 போறது, யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க மக்களே. விலைக்கு இல்லை, ஒரு ஞாயித்துக்கிழமை இரவலுக்குத்தான்.