கைதட்ட மட்டும்தானா பெற்றோர்?

குழந்தைகள் தினம், விளையாட்டு விழா, ஆண்டு விழா... நவம்பர் பிறந்தாலே விருத்தாசலம் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் டைரியில் அறிவிப்புகள் வரிசைகட்டும். செராமிக் பட்டறைகளில் கார்த்திகை அகல் விளக்குக்கு மவுசு கூடும் நேரமும் அதுதான். ஒருநாள் லீவு போட்டால் கூலி போச்சு!

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஃபீஸ் கட்டுகிறவருக்குத்தான் நாற்காலி இல்லை, வேடிக்கைதான்!

ஆனாலும், பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் இருக்கிறதே. மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். டான்ஸ் டிரெஸ் வாடகை எவ்வளவு, ஒத்திகையால் எத்தனை பீரியட் போகும், விழா இரவு எட்டு மணிக்கு முடிந்தால் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேன் உண்டா? அழைப்பிதழ் அச்சாகும் முன்பே கேளுங்கள். விழாவை ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா என்றும்தான்.