தவற்றை அழிக்கலாமா?

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கிறீர்கள். ஐந்து அளவீடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்து வரவில்லை. உடனே ரப்பரைத் தேடுகிறோம். அந்த எண்ணை அழித்துவிட்டுப் பொருத்தமாகத் தோன்றும் எண் ஒன்றை எழுதிவிடுகிறோம். ஏடு அழகாகிவிடுகிறது; ஆனால் அந்த அளவீடு ஏன் மாறியது என்று அறியும் வாய்ப்புப் போய்விடுகிறது அல்லவா?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இத்தொல்லையை அறிவர். நேற்று ஓடிய நிரல், இன்று சில வரிகளை மாற்றியதும் ஓட மறுக்கும். பழைய வரிகளோ அழிந்து போயிருக்கும். இதற்குத் தீர்வாகவே பதிப்புக் கட்டுப்பாட்டு முறைகள் தோன்றின. 1972-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் அத்தகைய முறை ஒன்றை உருவாக்கினார். இன்று பெரிதும் வழங்குவது 'கிட்' என்பதாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் இதை 2005 ஏப்ரலில், லினக்ஸ் பணிக்காக எழுதினார்.

இதன் அடிப்படை ஆணைகள் எளியவை. 'கிட் ஆட்' என்பது பதிய வேண்டிய மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கும். 'கிட் கமிட்' அவற்றை ஒரு பதிவாக்கும். ஒவ்வொரு பதிவிலும் எழுதியவர் பெயர், நேரம், மாற்றத்தைப் பற்றிய குறிப்பு, முந்தைய பதிவின் அடையாள எண் ஆகியவை இடம்பெறும். பழைய பதிவு ஒன்றைத் திருத்தினால் அதன் எண்ணும், அதற்குப் பின்வரும் பதிவுகளின் எண்களும் மாறிவிடும். ஆகவே பிறரிடமும் நகல் இருக்குமானால், யாருமறியாமல் திருத்துவது அரிது.

தவற்றைப் பதிந்து வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆயிரம் பதிவுகளுள் எதிலோ ஒரு பிழை புகுந்துவிட்டது என்று கொள்வோம். சரியாக ஓடிய ஒரு பதிவையும் ஓடாத ஒரு பதிவையும் காட்டினால், 'கிட் பைசெக்ட்' என்ற ஆணை இடையிலுள்ளதைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும். 2-இன் பத்தாம் அடுக்கு 1024. எனவே ஏறக்குறையப் பத்தே சோதனைகளில் பிழை புகுந்த இடம் தெரிந்துவிடும். வரலாற்றை அழித்தவருக்கு இவ்வசதி கிட்டாது.

தவற்றைத் திருத்தவும் நேர்மையான வழி உண்டு. 'கிட் ரிவர்ட்' பழைய பதிவை அழிப்பதில்லை. அதன் விளைவை நீக்கும் புதிய பதிவு ஒன்றைச் சேர்க்கிறது. தவறும் இருக்கும், திருத்தமும் இருக்கும். பலர் கூடிச் செய்யும் பணியில் இதுவே முறை என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் பதியலாம் என்பதன்று. கடவுச்சொல் போன்றவை ஒருமுறை பதிவில் ஏறினால் முற்றிலும் நீக்குவது கடினம். அத்தகைய கோப்புகளின் பெயர்களை 'கிட்இக்னோர்' என்ற பட்டியலில் முன்னதாகவே எழுதிவிட வேண்டும்.

கிட்டைப் பயன்படுத்தத் தொடங்கும்போது 'கிட் கான்ஃபிக்' என்ற ஆணையால் நம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அமைத்துக்கொள்கிறோம். அப்பெயர் மெய்தானா என்று கிட் சோதிப்பதில்லை. கருவி பதிவு செய்யும்; நேர்மை நம்முடையதாக இருக்க வேண்டும்.

மாணவர்களே, அடுத்த செய்முறை வகுப்பில் ஒத்துவராத அளவீட்டை அழிக்காதீர்கள். அதன்மேல் ஒரு கோடிட்டு, காரணத்தை அருகில் எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஆசிரியர்களும் அக்கோட்டுக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதிருக்க வேண்டும். குறைத்தால் ரப்பரைத் தேடும் பழக்கத்தை நாமே வளர்த்தவர்கள் ஆவோம்.