கொடி பிடிப்பவர் இல்லாத பந்தயம்

சோழவரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், என்னோடு அரைக்கால் சட்டையில் திரிந்த சிநேகிதர்களுக்கும், இங்கிலாந்து தேசத்துக் கெண்ட் மாவட்டத்திலிருந்து நமஸ்காரம்.

விடியற்காலையில் கீரைக்கட்டோடு சாலையைக் கடந்த ஒரு மூதாட்டி, பந்தயம் விட்ட பையன்களின் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு மாண்டார் என்றும், ஓட்டியவன் கால் முறிந்து கிடக்கிறான் என்றும், அவன் நம் தெருப் பிள்ளையே என்றும் என் தமக்கையார் தொலைபேசியில் சொன்ன நாள் முதல் என் சித்தம் ஒரு நிலையில் இல்லை. ஊரார் கூடி அப்பிள்ளைகளை வேகப் பைத்தியங்கள் என்று நிந்தித்தீர்களாம். அந்த நிந்தையில் எனக்குப் பூரண சம்மதமில்லை. அந்தப் பைத்தியம் அவர்களுக்கு முன்னால் நம்மைப் பிடித்தது.

யுத்த காலத்து விமான ஓடுதளமாயிருந்து பிற்பாடு நம்மூர் எல்லையில் சும்மா கிடந்த சிமெண்டுத் தரையில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்திய பந்தயங்களை, வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாமல், கட்டுச்சோற்றோடு போய் நின்று பார்த்தவர்களல்லவா நாம்? மறுநாள் என் தகப்பனாரின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்து ஜி.என்.டி. சாலையில் விரட்டியவனும் நான்தான். லாரி எதிரே வராதது என் சாமர்த்தியமன்று. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் அமைந்தபின் பந்தயம் நம்மூரை விட்டுப் போயிற்று; ஆசை போகவில்லை.

நான் குடியிருக்கும் இந்த இங்கிலாந்து தேசத்திலும் ஒரு காலத்தில் பொதுச் சாலையிலேதான் பந்தயம் நடந்தது. 1925-ல் கோப் ஹில் என்னும் குன்றுச் சாலையில் வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் கால் ஒரு புகாட்டி மோதி முறிந்ததும், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பார் இனிப் பொதுச் சாலையில் பந்தயத்துக்கு அனுமதி தருவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிராணன் போகவில்லை, ஒரு கால்தான்! யுத்தம் முடிந்தபின் 1948-ல் சில்வர்ஸ்டோன் விமானத்தளம் பந்தயக்களமாயிற்று, சோழவரத்தின் கதையேதான்.

என் வீட்டுக்கு அருகிலுள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில், விடுமுறை நாட்களில், ஆரஞ்சு நிற உடுப்பணிந்து கொடி பிடிக்கும் மார்ஷல்களில் நானும் ஒருவன். சம்பளமில்லை, மழையில் நிற்கவேண்டும், மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமலிருப்பதே உத்தமம். ஆனால் வளைவில் ஒருவன் சறுக்கி விழுந்த கணத்தில் நான் மஞ்சள் கொடியை அசைத்தால், பின்னால் அசுர வேகத்தில் வருகிறவன் முந்தும் எண்ணத்தை விட்டு வேகம் தணிக்கிறான். முகம் அறியாத என் கைக்கு அவன் கட்டுப்படுகிறானே, அந்தக் கட்டுப்பாடு உள்ளவனுக்குத்தான் பந்தயச் சங்கத்தின் அங்கத்தினன் என்று பெயர் என்பது என் அபிப்பிராயம். மற்றதெல்லாம் சந்தா ரசீது. வேகமாக ஓட்ட நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களுக்குக் கொடி காட்டத்தான் ஆளில்லை. அந்தக் கீரைக்காரம்மாள் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவரல்லர்.

அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் விடுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு முதற்குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. விதிக்கட்டும். ஆனால் முறையான பந்தயத்துக்கு உரிமம் வேண்டும், வைத்தியச் சான்று வேண்டும், தோலுடுப்பு வேண்டும். இவற்றின் விலையைக் கேட்டாலே மெக்கானிக் கடைப் பையன் வாசலோடு திரும்பிவிடுவான். பந்தயம் பார்த்து வளர்ந்த நாம், அவன் கையைப் பிடித்து அந்த வாசலைத் தாண்டச் செய்ய ஒருநாளும் முயன்றதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் வெட்கமுண்டு. ஓட்டப் பணமில்லாதவன் கொடி பிடிக்கவாவது கற்கலாமே.

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் வாரமாகப் பார்த்து விடுமுறை எடுத்து வருகிறேன். பையன்களை அழைத்துப்போக ஒரு வேனுக்குச் சொல்லி வையுங்கள். கால் முறிந்து கிடக்கும் அவனுக்கு, ஜாமீனில் இருந்தால், காலை நீட்டி உட்கார முன்சீட்டை ஒதுக்குங்கள்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்ப்பிள்ளை