பெரிய மிஷின்தான் நல்ல மிஷினா?



மளிகைக் கடைக்காரர்கள் அதிகம் படிக்கும் நம் சங்க இதழில் மரம் அறுக்கும் மிஷினைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. கோடாலியையும் இழுப்பு வாளையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அதுவரை அரிசி, பருப்பு விற்ற கிராமத்துக் கடைகளில்கூட மரம் அறுக்கும் மிஷின் விற்பனைக்கும் வாடகைக்கும் வந்தது. பல கடைகளில் அது இன்றும் இருக்கிறது. ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய விஷயம்தான்.

நான் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவன். பள்ளிப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவன். அந்தப் புயல் சமயத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிழக்கே ஒரு கிராமத்து மளிகைக் கடைக்காரர் என்னிடம் நான்கு மிஷின் வாங்கினார். எல்லாம் 18 அங்குல பார் மாட்டியவை. பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. ஒரு வாரத்தில் அவர் திரும்பி வந்து, "அண்ணாச்சி, எல்லாரும் பெரிசு கேட்கிறாங்க, 22 அங்குல பார் கொடுங்க" என்றார். நானும் மறுபேச்சில்லாமல் பாரும் செயினும் கட்டிக் கொடுத்தேன். வாடகைக்கு எடுத்துப் போன ஒரு தென்னை ஏறும் தொழிலாளி, கைக்கு இடைஞ்சல் என்று முன்பக்கக் காப்பையும் கழற்றிவிட்டார். செயினை நிறுத்தும் பிரேக்கே அந்தக் காப்பில்தான் இருக்கிறது. அறுத்துக்கொண்டிருந்தபோது பாரின் நுனி பின்னால் கிடந்த இன்னொரு மரத்தில் பட்டது. மிஷின் மேல்நோக்கி உதைத்து அவர் இடது தோளில் ஏறியது. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கை தலைக்கு மேல் எழும்பாது. மரம் ஏறிப் பிழைத்தவர், இனி ஏற முடியாது. ஆஸ்பத்திரிச் செலவை அந்தக் கடைக்காரரும் நானும் பாதிப் பாதியாகக் கொடுத்தோம். கொடுத்தால் கை திரும்பி வருமா?

ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

வாடிக்கையாளர் முதலில் கேட்பது "எத்தனை சி.சி.?" என்றுதான். 58 என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த ஒரு மிஷினை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்து அளந்து பார்த்தேன். சிலிண்டரின் விட்டம் 45.2 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 54.6 சி.சி.தான் வருகிறது. ஒரு கிலோ என்று எழுதிய பொட்டலத்தில் 940 கிராம் இருந்தால் நாம் சும்மா இருப்போமா?

சி.சி. சரியாகவே இருந்தாலும் அது மட்டும் போதாது. என் அனுபவத்தில், 30 முதல் 40 சி.சி. வரையுள்ள சிறிய மிஷினுக்கு 12 முதல் 16 அங்குல பார் பொருந்தும். கிளை கழிக்க, சிறு மரம் அறுக்க இது போதும். 45 முதல் 55 சி.சி.க்கு 16 அல்லது 18 அங்குலம். தோப்பு வேலைக்கு இதுவே ஏற்றது. 70 சி.சி. மிஷினுக்கு 20 முதல் 25 அங்குலம். இது தினமும் மரம் அறுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு. 90 சி.சி.க்கு மேற்பட்டது பெரிய கட்டைகளை அறுக்கும் மர டிப்போக்காரருக்கு. தென்னை மரம் சாதாரணமாக ஓர் அடி விட்டம்தான். அதற்கு 16 அங்குல பார் தாராளம். அதைவிடப் பருமனான மரத்தையும் இரண்டு பக்கமும் மாறி நின்று அறுக்கலாம்.

சின்ன என்ஜினில் நீள பார் மாட்டினால் என்ன ஆகும்? செயின் நீளம் கூடுவதால் என்ஜின் திணறும். நுனி வரை எண்ணெய் போய்ச் சேராது. முன்பக்கம் பாரமாகும். வேலை செய்பவர் அழுத்திப் பிடிப்பார். நுனி அவர் கண்ணுக்குத் தூரமாக இருக்கும். உதை வருவது அந்த நுனியின் மேல்பாகம் எதிலாவது படும்போதுதான்.

கைவேலை செய்த மிஷின்கள்

இன்னும் சில கைவேலைகள் நடக்கின்றன. சைலன்ஸரைத் துளைத்துப் பெரிதாக்கினால் சக்தி கூடும் என்கிறார்கள். கார்புரேட்டரையும் அதற்கேற்றபடி திருத்தாவிட்டால் பெட்ரோல் குறைந்து காற்று கூடி, சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். காதும் போகும். செயின் பற்களுக்கு முன்னால் உள்ள சிறு மேட்டை அதிகம் அராவினால் பல் ஆழமாகக் கடிக்கும், உதையும் கூடும். எல்லாவற்றையும்விட மோசமானது கிரைண்டர் மிஷினில் பாரும் செயினும் பொருத்தும் சாமான். விலை மலிவு என்று இது ஓடுகிறது. நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும் கிரைண்டரில் செயின் பிரேக் கிடையாது. இரு கையாலும் இறுகப் பிடிக்கச் சரியான கைப்பிடியும் கிடையாது. நம் கடைகளில் இதை விற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த மிஷினின் சரித்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929-இல் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். 1950-இல் ஒரே ஆள் பிடிக்கும் மிஷின் 16 கிலோவுக்கு வந்தது. இன்று பார் இல்லாமல் 4 முதல் 7 கிலோதான். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர் மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டின் புழு இரு பக்கமும் கடித்துத் தின்பதைக் கவனித்து, அதுபோலப் பல் வைத்த செயினை 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய செயின்கள் அந்த வழியில் வந்தவைதான். எடை குறைந்தும் பல் திருந்தியும்தான் மிஷின் முன்னேறியிருக்கிறது.

இங்கேதான் நமக்கு வியாபாரமும் இருக்கிறது. தென்னை மரத்தின் வெளிப்பாகம் கடினம், அதில் சிலிக்காவும் உண்டு. செயின் சீக்கிரம் மழுங்கும். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர், தூளாக விழுந்தால் அரம் போட வேண்டும். செயினுக்கு ஏற்ற அரம், உபரிச் செயின், சரியான டூ ஸ்ட்ரோக் ஆயில் இவற்றுக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். கலவையிலும் கண்திட்டம் வேண்டாம். 25-க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எண்ணெய் அளந்து விற்கும் நமக்கு இது கைவந்த கலைதானே?

"நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வான்" என்று சொல்வீர்கள். உண்மைதான். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருளை விற்பவர் அதில் மாற்றம் செய்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால், அவரும் பொறுப்பாளி. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டு, அதனால் தீங்கு வந்தாலும் பொறுப்பு உண்டு. கல்லாவில் நின்றபடியே 18 அங்குல பாரைக் கழற்றி 22 மாட்டிக் கொடுப்பவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே விற்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். என்ன மரம்? எவ்வளவு பருமன்? வருஷத்தில் எத்தனை நாள் வேலை? பிடிக்கப்போவது யார்? பதிலுக்குத் தக்க மிஷினைக் கொடுங்கள். புத்தகத்தில் எழுதிய பாருக்கு மேல் மாட்டாதீர்கள். காப்பைக் கழற்றாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாடகைக்குக் கொடுத்தால் திரும்பி வந்ததும் பிரேக்கைச் சோதியுங்கள். கண்ணாடியும் காதுக் காப்பும் சேர்த்தே கொடுங்கள்.

நம் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆண்டுதோறும் ஒருநாள் காலை, நல்ல மெக்கானிக் ஒருவரையும் அனுபவமுள்ள மரம் வெட்டுபவர் ஒருவரையும் அழைத்து, கடைக்காரர்களுக்குச் செய்துகாட்ட ஏற்பாடு செய்யுங்கள். மரம் விழ வேண்டிய பக்கம் எப்படி வாய் வெட்டுவது, பின்பக்கம் எவ்வளவு மிச்சம் விட்டு அறுப்பது என்பதை விற்கிற நாமும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அன்றைய டீச் செலவையும் டிபன் செலவையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.